ஸ்கோர் அக்கா எழுதிய ஒரு சொல்

ஸ்கோர் அக்காவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பாதி வழியில் யாரும் என்னைப் பிடித்து நிறுத்தி, "ஒரு நல்ல மனுசியைப் பற்றி இப்படி எழுதலாமா?" என்று கேட்கக் கூடாது. நல்ல மனுசியாகவே இருக்கட்டும். எனக்கு எத்தனையோ நல்ல மனுசர்களைத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட என் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லை எழுதி வைக்கவில்லை.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணை போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "எங்கட லீக்கின்ர வரலாறு ஒரு பக்கம் எழுதித் தாரும்" என்றார். பேஸ்போல் லீக். லண்டனில் தமிழர்கள் பேஸ்போல் லீக் நடத்தினார்கள் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். நாலு அணி, ஒன்றரைக் கோடை, அவ்வளவுதான் அதன் ஆயுள். இப்போது ஒரு புது மைதானம் கிடைக்கும்போல இருக்கிறது. ஆனால் மைதானக்காரர்கள் பழைய வரலாற்றைக் கேட்கிறார்கள், முக்கியமாக யாருக்காவது காயம் பட்டதா, எப்படிப் பட்டது என்ற விவரத்தை. ஸ்கோர் புத்தகத்தின் பிரதியும் வேண்டுமாம். நான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே ஸ்கோர் அக்கா தன் மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கதிரையைச் சொல்ல வேண்டும். பச்சைத் துணி, ஒரு கால் கொஞ்சம் வளைந்தது. அதன் முதுகில் கறுப்புக் குடை ஒன்றைக் கயிற்றால் கட்டியிருப்பார். ஃபிளாஸ்கில் தேத்தண்ணி. மடியில் நீட்டுப் புத்தகம், கையில் நீலப் பேனை, இன்னொரு நீலப் பேனை தலைமயிரில். பென்சில் கிடையாது, அழிறப்பர் கிடையாது. முதலாம் பேஸுக்கு, அதாவது ஓடுகிறவன் முதலில் தொட வேண்டிய மூலைக்கு, நேரே, கோட்டிலிருந்து பத்தடி தள்ளி உட்காருவார். முதலாம் பேஸில் நிற்கிற ஆள் நான். ஆகவே அந்த ஒன்றரைக் கோடையும் அவருடைய குரலை மற்ற எவரையும் விட அதிகமாகக் கேட்ட பாவி நானே. அவர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு சொல்தான். "எழுதியாச்சு."

லீக் தொடங்கிய கதை சின்னது. ரொறன்ரோவில் இருந்து அண்ணையின் மச்சான் ஒருவர் கலியாணத்துக்கு வந்தபோது, அங்கே அவருடைய பிள்ளைகள் விளையாடி விட்ட பேஸ்போல் கையுறைகள், மட்டைகள் எல்லாவற்றையும் ஒரு சூட்கேஸில் அடைத்துக் கொண்டுவந்துவிட்டார். பன்னிரண்டு கையுறை. அதில் ஐந்து இடக்கைக்காரருக்கானவை. எங்களில் ஒருவர்கூட இடக்கைக்காரர் இல்லை. இருந்தும் அண்ணைக்கு ஆசை பிடித்துவிட்டது. கிரிக்கெட் என்றால் லண்டனில் தடுக்கி விழுந்தால் ஒரு அணி, அதில் எங்களை யார் சேர்ப்பார்கள்? இது எங்களுக்குத் தெரிந்த விளையாட்டுத்தானே என்றார். அவர் சொன்னது எல்லேயை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் எல்லே விளையாடியவர்கள். தடியால் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடுகிற விளையாட்டு. ஃபாரஸ்ட் கேட் ஒரு அணி, அதில்தான் அண்ணையும் நானும். செவன் கிங்ஸ் ஒரு அணி. கிங்ஸ்பரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தமிழ்நாட்டுக்காரர்கள் ஒரு அணி. நாலாவது, ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர்கள். பேஸ்போல் உண்மையில் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுந்தான்.

ஸ்கோர் எழுத ஆள் இல்லை. அப்போது செவன் கிங்ஸ் அணியில் விளையாடிய ஒருவருடைய மனைவி முன்னால் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தன் பள்ளிக்கூடத்து எல்லே அணியில் விளையாடியவராம். நூலகத்தில் புத்தகம் எடுத்து பேஸ்போல் ஸ்கோர் எழுதப் படித்துக்கொண்டு வந்திருந்தார்.

"நான் எழுதித் தாறன்," என்றார். "ஆனா ஒண்டு. எழுதினதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. நானும் வைக்கமாட்டன்."

ஓம், ஓம் என்று எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வேலை கிடைக்கட்டும் என்று விழுந்தடித்து ஓடி வருகிற மனுசியைப் பார்த்து வேறென்ன செய்வது?

முதல் ஆட்டத்திலேயே பிடித்தது சனி. எல்லேயில், ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தால் அவன் அவுட். டென்னிஸ் பந்து, பட்டால் வலிக்காது. பேஸ்போலில் அப்படி அடிக்கக் கூடாது. பந்தோடு போய்த் தொட வேண்டும், அல்லது அடுத்த பேஸில் நிற்கிற நம் ஆளுக்கு எறிய வேண்டும். பந்தும் கல் மாதிரி. இதெல்லாம் எங்களுக்கு வாயால் தெரியும், கைக்குத் தெரியாது. பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் ஓடத் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் நாலு பக்கத்தில் இருந்தும் அவனைக் குறி பார்த்து எறிந்தார்கள். பாவம், அவன் பேஸையும் விட்டுவிட்டுக் கார் பார்க் பக்கம் ஓடினான். அன்றைக்கு ஸ்கோர் புத்தகத்தில் என் பெயருக்கு மட்டும் நாலு 'பிழை'.

"அக்கா, இது பிழையே? கை அப்பிடியே போகுது," என்றேன்.

"கை உம்மடதுதானே?" என்றார் தலை நிமிராமல். "எழுதியாச்சு."

ஆனால் பக்கத்தில் குறிப்பு எழுதுகிற கட்டத்தில் நாலு தரமும் 'கைப்பழக்கம்' என்றும் எழுதியிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிழை பிழைதானே, அதற்குப் பொட்டு வைத்தால் என்ன, பூ வைத்தால் என்ன என்று நினைத்தேன்.

சொந்தம் பந்தம் பார்க்காதவர் என்று அவரைப் புகழ்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் கதையில் நானும் இருந்தேன், ஆகவே நானே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மட்டை பிடிக்க, அவருடைய கணவர் வெளிப்பக்கம் நின்றார். உயரப் போன பந்து நேரே அவரிடம் வந்தது. கையுறைக்குள் விழுந்து, துள்ளி, கீழே போய்விட்டது. மனுசன் உடனே கையை நெற்றியில் வைத்துச் சூரியனைக் காட்டினார். மைதானம் முழுக்க மனுசியைத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண்சாதி புருசனுக்கு இந்தச் சின்ன உதவியைச் செய்யமாட்டாளா? குனிந்தார், எழுதினார். பிழை.

"வெயில் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வெயில்தானே," என்றார் பக்கத்தில் நின்ற என்னிடம், நான் கேட்காமலே.

அன்றைக்கு அந்த மனுசன் காரில் ஏறாமல் ரயிலில் வீட்டுக்குப் போனார். மனுசி கதிரையைப் பின் சீற்றில் போட்டுக்கொண்டு தனியாகக் காரோட்டிப் போனார். அடுத்த ஞாயிறு கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார், மறுபேச்சில்லாமல். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்குள்ளும் நடுவராக இருக்கிறவரோடு எப்படிச் சோறு இறங்கும்?

இன்னொன்று, இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே இரத்தம் கொதித்தது. வார நாட்களில் அவருடைய வேலை மொழிபெயர்ப்பு. அகதி வழக்குகளில் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்கிற வேலை. எங்கள் லீக்கெல்லாம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பு, கடைக்கார அண்ணையின் விசாரணைக்கு அவர்தான் போயிருக்கிறார். அண்ணை பதற்றத்தில் ஒரு மாதத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு பிழை விளங்கிவிட்டது. கண்ணைக் காட்டினார், மெல்ல இருமினார். மனுசி சொன்ன மாதத்தையே ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அண்ணைக்கு அந்த முறை நிராகரித்துவிட்டார்கள். இன்னும் மூன்று வருடம் இழுத்தது.

"இவவையோ நீங்கள் ஸ்கோர் எழுத விட்டனீங்கள்?" என்று நான் கடையில் வைத்துச் சத்தம் போட்டேன்.

அண்ணை தூள் பக்கற்றுகளை அடுக்கிக்கொண்டே, "நான் சொன்னதைத்தான் அவ சொன்னவ," என்றார். "நான் திருத்திச் சொல்லியிருந்தால் அதையும் சொல்லியிருப்பா. எனக்கு வாய் வரேல்லை."

அண்ணை அப்படித்தான். ஊரையே மன்னித்துவிட்டுக் கடையைப் பூட்டுவார். என்னால் முடியாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாவது கோடையின் நடுப்பகுதி. நாங்கள் பட்டியலில் முதலிடம். இன்னும் இரண்டு ஆட்டம் வென்றால் கிண்ணம் எங்களுக்கு. அண்ணை கிண்ணத்தை முன்கூட்டியே வாங்கிக் கடையில் வைத்துவிட்டார். எதிரே கிங்ஸ்பரி. அவர்களில் ஒரு கோயம்புத்தூர்க்காரன், இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி, ஓடினால் பிடிக்க முடியாது. முதலாம் பேஸுக்கு வந்து என் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லுவான்.

"அண்ணா, கொஞ்சம் வழி விடுங்க. செகண்ட் பேஸ்ல ஒரு வேலை இருக்கு."

அன்றைக்கு இரண்டு முறை அப்படிச் சொல்லிவிட்டு, அடுத்தவன் பந்தை அடிக்கும் முன்பே ஓடி இரண்டாம் பேஸைத் திருடிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் முறை வந்து நின்று, என் காலைப் பார்த்து, "என்னண்ணா, ஷூல பசை ஏதாச்சும் ஒட்டிக்கிச்சா?" என்றான். அவர்களுடைய ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலும் ஒருவன் சிரித்தான். அண்ணைதான் பந்து வீசிக்கொண்டிருந்தார். அவன் காலை எடுத்து வைப்பதைக் கண்டுவிட்டுச் சட்டென்று திரும்பி எனக்கு எறிந்தார். அதற்குள் அவன் இரண்டாம் பேஸை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டான். பெரிய சைஸ் ஹெல்மெட், இரண்டாவது எட்டிலேயே கழன்று விழுந்தது. அங்கே எங்கள் ஆள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு எறிய வேண்டும்.

நான் எறிந்தேன். பந்து கோயம்புத்தூர்க்காரனின் தலையில் பட்டது. அவன் முகங்குப்புற விழுந்தான்.

எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். நான் கதிரைப் பக்கம் போனேன், ஏனென்றால் படிவம் அங்கேதான் இருந்தது. நாங்கள் விளையாடிய பூங்காவை உள்ளூர்க் கவுன்சில் எங்களுக்குத் தந்த நிபந்தனை அது: காயம் என்றால், எப்படி நடந்தது என்று ஸ்கோரர் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவன் எழும்பி உட்கார்ந்துவிட்டான் என்றார்கள். "ஒண்ணும் இல்லீங்க, உள்ள ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்கு, அவ்வளவுதான்," என்று சிரித்தானாம். கிங்ஸ்பரி கேப்டனே வந்து, "ஓடுறப்ப தடுக்கி விழுந்துட்டான்னு போட்டுக்கலாங்க, எதுக்குப் பிரச்சனை," என்று சொன்னான். பாதிக்கப்பட்ட பக்கமே சொல்கிறது! வேறென்ன வேண்டும்?

அண்ணை கெஞ்சினார். "தங்கச்சி, விழுந்தது எண்டு எழுதுமன்."

"அவர் தடுக்கி விழுந்ததை நீங்கள் பாத்தனீங்களோ அண்ணை?"

அண்ணை கிங்ஸ்பரி கேப்டனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எறிஞ்சதைப் பாத்தன்," என்றார் மனுசி.

நான் சொன்னேன்: "அக்கா, கைப்பழக்கம். உங்களுக்குத் தெரியும்தானே. முதல் மெட்ச்சில நீங்களே எழுதினனீங்கள்."

என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். புத்தகத்தில் தமிழிலும் படிவத்தில் ஆங்கிலத்திலும். பிழை, என் பெயர், பக்கத்தில் ஒரே ஒரு சொல். 'வேண்டுமென்று.'

"எழுதியாச்சு."

இரண்டு கிழமையில் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. பூங்கா இனி இல்லை. கேட்ட மற்ற மைதானங்களும் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு மாட்டோம் என்றன. லீக் அதோடு சரி. கிண்ணம் இப்போதும் கடையில் அப்பளத் தட்டுக்கு மேலே ஒரு பெயரும் பொறிக்காமல் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் இருந்து மனுசியை கடிதம் வந்த இரவே நீக்கினேன், அட்மின் நான்தான். நாற்பது பேர் விளையாடிய லீக்கை ஒரு சொல்லால் கொன்றவர் என்று எழுதினேன். வழக்கு வைத்திருந்த இரண்டு பேரிடம், மொழிபெயர்ப்புக்கு அவர் வேண்டாம் என்று கேட்கச் சொன்னேன். கடையில் அவரைக் கண்டால் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். அவர் ஒருமுறைகூடக் கோபமாகப் பார்க்கவில்லை. அது இன்னும் கோபத்தைத் தந்தது. சண்டைக்கு நிற்கிறவரை நான் ஒரு மாதத்தில் மறந்துவிடுவேன். இவரைப் போன்றவரை எப்படி மறப்பது?

ஆனால் புத்தகம் அவரிடம்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை காலை செவன் கிங்ஸுக்குப் போனேன். ஆறேழு வருடத்துக்குப் பிறகு. கணவர்தான் கதவைத் திறந்தார்.

"மாத்தச் சொல்லிக் கேக்க வந்தனீரோ?" என்றார். "வாரும், இரும். தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போம்."

மனுசி கொஞ்சம் மெலிந்திருந்தார். தலைமயிரில் அதே மாதிரி ஒரு பேனை. நான் சுற்றி வளைக்கவில்லை. புது மைதானம், படிவம், லீக், அண்ணையின் ஆசை எல்லாவற்றையும் சொன்னேன். 'வேண்டுமென்று' என்ற சொல் இருந்தால் தரமாட்டார்கள், 'கைப்பழக்கம்' என்று ஒரு சொல் மாற்றினால் போதும் என்றேன். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதில என்ன கிடக்கு அக்கா? ஒரு சொல்."

அவர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். பக்கத்தைத் திறந்தார், எனக்குத் தெரியாதபடி தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"ஒண்டு கேக்கிறன். அந்தத் தம்பிக்கு எந்தப் பக்கத்தில பட்டது?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். நான் எறிந்த பந்து. எனக்குத் தெரியாதா?

"வலது பக்கம்," என்றேன். "வலது காதுக்குப் பக்கத்தில."

புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். நீல மை கொஞ்சமும் மங்கவில்லை. 'இடது காது' என்று எழுதியிருந்தது.

"முதல் மெட்ச்சில நாலு தரம் எறிஞ்சனீர். நாலு தரமும் எறிஞ்ச உடன, ஐயோ எண்டு அந்தப் பெடியனட்ட ஓடினனீர். அதாலதான் கைப்பழக்கம் எண்டு எழுதினனான்," என்றார். அவருடைய குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "அண்டைக்கு அவர் விழுந்தவுடன நீர் அவரைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தனீர். நான் என்ன எழுதப்போறன் எண்டு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நாளை நான் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன்! நினைவில் அவனுடைய முகம் இல்லை. பச்சைக் கதிரை இருக்கிறது, குடை இருக்கிறது, நீலப் பேனை இருக்கிறது.

"இவதான் காரில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவ," என்றார் கணவர், தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபடி. "இப்பவும் இடது பக்கத்தால கூப்பிட்டா அந்தப் பெடியன் திரும்பமாட்டான்."

நான் எழும்பினேன். ஒரு வார்த்தை அதிகம் சொன்னாலும் கத்திவிடுவேன் போல இருந்தது. மனுசி விடவில்லை.

"எழுதினதை நான் மாத்தமாட்டன், தம்பி. ஆனா அடுத்த பக்கம் வெறுமையாத்தான் கிடக்கு. நீர் அவரோட கதையும். அவர் என்ன சொல்லுறாரோ அதை அதில எழுதித் தாறன். மன்னிச்சிட்டன் எண்டால் அப்பிடி. இல்லை எண்டால் அப்பிடி. ரெண்டு பக்கத்தையும் சேத்துக் குடுங்கோ."

தலையில் இருந்த பேனையை எடுத்து ஒரு துண்டில் அவனுடைய நம்பரை எழுதி என் கையில் தந்தார்.

இதுதான் எங்கள் லீக்கின் வரலாறு. அண்ணை ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "எழுதி முடிஞ்சுதோ?" என்று கேட்கிறார். அடுத்த பக்கம் பாக்கி என்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போக வேண்டும். அந்த மனுசியை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. முன்பு லீக்கைக் கெடுத்ததற்காக, இப்போது இதற்காக.

துண்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டு முறை நம்பரை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வெட்டிவிட்டேன். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவன் போனை வலது காதில் வைத்துத்தான் கேட்பான் என்பது மட்டும் தெரியும்.